புழுக்கத்தில் குதிரை ஏறும் பிள்ளைகளுக்குப் பதினொரு அறிவுரைகள்

கொழும்புக்குக் குதிரை புதிதல்ல. ஒரு காலத்தில் காலிமுகத்திடலிலேயே பந்தயம் ஓடினார்கள். 1893இல் பந்தயம் கறுவாத்தோட்டப் பக்கம் மாறியது. இன்று நாங்கள் றேஸ்கோர்ஸ் என்று சொல்லும் இடம் அதுதான். இரண்டாம் உலகப் போர் வந்தபோது அந்த மைதானத்தையே விமான ஓடுபாதையாக்கினார்கள். பொலிஸ் குதிரைப் படை இன்றைக்கும் இருக்கிறது. இப்போது வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் எங்கள் பிள்ளைகள் சவாரி பழகப் போகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு மனம் நிறைந்த சந்தோஷம்.

ஆனால் இந்தப் பிள்ளைகள் பார்க்கும் காணொளிகளும் வாசிக்கும் புத்தகங்களும் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரருடையவை. அவற்றில் வரும் குதிரை ஒரு மணித்தியாலம் ஓடிவிட்டும் பனிக்காற்றில் நிற்கும். எங்கள் குதிரை சும்மா நின்றாலே வியர்க்கும். ஏறுவது எப்படி, நிமிர்ந்து இருப்பது எப்படி என்று உங்கள் ஆசிரியர் சொல்லித் தருவார். எப்போது இறங்குவது என்பதை நான் சொல்ல விரும்புகிறேன். கொழும்பில் சவாரி பழகுவதில் பாதி அதுதான்.

1. வெயிலைவிடப் புழுக்கத்துக்குப் பயப்படுங்கள்

மாசி, பங்குனி, சித்திரையில் கொழும்பின் பகல் வெப்பம் 31, 32 பாகை செல்சியஸ். ராஜஸ்தானில் 40 பாகையிலும் குதிரை ஓடுகிறதே, இது ஒரு வெக்கையா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் காற்றின் ஈரத்தை மறந்துவிடுகிறார்கள்.

ஓடும் குதிரையின் தசை எரிக்கும் சக்தியில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு சூடாகவே போகிறது. அந்தச் சூட்டை உடலை விட்டு வெளியேற்றும் பெரிய வழி வியர்வை. வியர்வை வழிந்தால் மட்டும் போதாது. அது காய வேண்டும். காயும்போதுதான் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மழைக்கால நாளில் மாடிவீட்டு பல்கனியில் விரித்த சேலை பின்னேரம் வரையும் ஈரமாகவே தொங்குகிறதே, எங்கள் காற்றில் குதிரையின் வியர்வையும் அப்படித்தான் காயாமல் கிடக்கிறது. உடம்பு முழுக்க நனையும், சூடு உள்ளேயே நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. 450, 500 கிலோ எடையுள்ள உடம்புக்கு அதன் தோலின் பரப்புக் குறைவு. அதனால் ஒரே வேலையைச் செய்யும்போது மனிதரைவிடப் பல மடங்கு வேகமாகக் குதிரை சூடேறும். உங்களுக்குத் தாகம் எடுக்கும்வரை காத்திருந்தால், குதிரைக்கு அது பிந்திய நேரம்.

2. கணக்குப் போட்டுவிட்டு ஏறுங்கள்

குதிரைக்காரர் பல நாடுகளில் பாவிக்கும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. பரனைட் அளவில் வெப்பத்தையும், நூற்றுவீத அளவில் ஈரப்பதனையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 130க்குக் கீழே என்றால் பயமில்லை. 150ஐத் தாண்டினால் குதிரை தன்னைக் குளிர்விக்கச் சிரமப்படும். வேலையைக் குறைக்க வேண்டும். 180ஐத் தொட்டால் சவாரியே வேண்டாம்.

இதைக் கொழும்புக்குப் போட்டுப் பாருங்கள். சித்திரை மாதத்துப் பின்னேரம் 32 பாகை செல்சியஸ் என்றால் ஏறக்குறைய 90 பரனைட். ஈரப்பதன் 70 என்றால் மொத்தம் 160. விடியற்காலை 26 பாகை, அதாவது 79 பரனைட். ஆனால் அப்போது ஈரப்பதன் 90. மொத்தம் 169. காலையில் குளிர்ச்சி என்று நாங்கள் நினைக்கிறோம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, கொழும்பில் ஆண்டின் பெரும்பகுதி எச்சரிக்கை எல்லைக்குள்ளேதான் கழிகிறது. நிதானம் இங்கே எல்லா மாதத்துக்கும் உரியது. இரண்டு, இந்தக் கணக்கில் வெயிலும் காற்றோட்டமும் சேரவில்லை. அதனால்தான் சர்வதேசப் போட்டிகளில் வெப்பம், ஈரம், வெயில், காற்று நான்கையும் சேர்த்து அளக்கும் கருவியை வைக்கிறார்கள். உங்களிடம் கருவி இல்லாவிட்டால் இலைகளைப் பாருங்கள். இலை அசையாத நாளில் கணக்கு சொல்வதைவிட இன்னும் குறைவாக ஏறுங்கள்.

3. நேரத்தைத் தெரிந்தெடுங்கள்

கணக்கு எப்படி இருந்தாலும் காலைதான் நல்லது. அப்போது தலைக்கு மேலே வெயில் இல்லை, மணல் சூடேறவில்லை, குதிரையும் இரவு முழுக்க ஆறியிருக்கும். வெளிச்சம் வந்ததும் ஏறி, எட்டு மணிக்கு முன் இறங்கிவிடுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு முன் நண்பகல் சூரியன் கொழும்பின் உச்சிக்கு நேர் மேலே வரும். அந்தக் கிழமைகளில் ஒன்பது மணி வெயிலே சுடத் தொடங்கிவிடும்.

பின்னேரம்தான் வசதி என்றால் ஐந்து மணிக்குப் பிறகு, கடற்காற்று வீசும் நாளாகப் பாருங்கள். ஆனால் பங்குனி, சித்திரைப் பின்னேரங்களில் இடியும் மழையும் திடீரென்று வரும். முதல் முழக்கம் கேட்டவுடனே திறந்த மைதானத்தை விட்டு வெளியேறுங்கள். மின்னலைக் கண்ட பிறகு ஆசிரியரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம்; இறங்குங்கள்.

4. குதிரை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

குளிர்நாட்டிலிருந்து கப்பலிலோ விமானத்திலோ வந்த குதிரைக்கு இந்தக் காற்றுப் பழக இரண்டு மூன்று கிழமை வேண்டும். நுவரெலியாவிலிருந்து இறக்கிய குதிரைக்கும் அப்படித்தான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 1875 முதல் பந்தயத் திடல் உண்டு. சித்திரையில் ஆளுநர் கிண்ணப் பந்தயம் ஓடுவதும் அங்கேதான். கொழும்பு அவியும் மாதத்தில் குதிரைகளை மலைக்கு ஏற்றிய பழையவர்கள் செய்ததில் ஞானம் இருந்தது. மலையிலிருந்து திரும்பிய குதிரையை அடுத்த நாளே வட்டமடிக்க வைக்காதீர்கள். முதல் சில நாள் நடை மட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

இது ஏறுபவருக்கும் பொருந்தும். லண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் வந்த கிழமையே ஆசையோடு சேணத்தில் ஏறுகிறார்கள். தம்பி, தங்கச்சி, உங்கள் உடம்புக்கும் இரண்டு கிழமை கொடுங்கள்.

5. ஆறியிருக்கும் குதிரையின் அளவுகளை எழுதி வையுங்கள்

சூடேறிய குதிரையை அறிய வேண்டுமானால் சும்மா நிற்கும் குதிரையை முதலில் அறிய வேண்டும். வளர்ந்த குதிரைக்கு ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. மூச்சு 8 முதல் 16 வரை. உடல்வெப்பம் 37.2க்கும் 38.5க்கும் இடையில். எங்கள் புழுக்கத்தில் மூச்சின் எண்ணிக்கை கொஞ்சம் கூடி நிற்கலாம். அதனால்தான் உங்கள் குதிரையின் சொந்த அளவு வேண்டும் என்கிறேன்.

தாடை எலும்பின் உட்பக்கம் ஓடும் நாடியில் விரலை வைத்துத் துடிப்பை எண்ணலாம். விலாப்பக்கம் ஏறி இறங்குவதைப் பார்த்து மூச்சை எண்ணலாம். உடல்வெப்பத்தை ஆசனவாயில்தான் எடுப்பார்கள். அதை லாயத்து அனுபவசாலியிடம் விடுங்கள், பக்கத்தில் நின்று பழகுங்கள். சவாரி முடிந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் நாடி 60க்குக் கீழே வர வேண்டும். வராவிட்டால் அன்றைய வேலை அந்தக் குதிரைக்கு அதிகம். ஆறவிட்ட பிறகும் வெப்பம் 40ஐ விட்டு இறங்காவிட்டால் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாமல் மிருக வைத்தியரை அழைக்க வேண்டும். 41 உயிராபத்து.

சிறு கொப்பி ஒன்றில் திகதி போட்டு இவற்றை எழுதுங்கள். சில மாதங்களில் அந்தக் கொப்பி உங்களுக்குப் பெரிய ஆசிரியராகிவிடும்.

6. தண்ணீரை ஒருபோதும் மறுக்காதீர்கள்

ஓடிவந்த குதிரைக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு வலிக்கும், ஆறும்வரை கொடுக்கக்கூடாது என்று பழைய லாயங்களில் சொல்வார்கள். அந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள். வியர்த்த குதிரைக்குத் தண்ணீர் உடனே வேண்டும். வாளியை நீட்டி, சில மடக்குக் குடிக்கவிட்டு, கொஞ்சம் நடத்தி, மறுபடி நீட்டுங்கள். சும்மா நிற்கும் குதிரையே நாளைக்கு 25 முதல் 45 லீற்றர் வரை குடிக்கும். புழுக்கத்தில் வேலை செய்தால் அது இரண்டு மடங்காகும்.

குதிரையின் வியர்வை எங்களுடையதைவிட உப்பு மிகுந்தது. உப்பை நிறைய இழந்த குதிரைக்குத் தாகமே தெரியாமல் போகலாம். லாயத்தில் உப்புக்கட்டி தொங்க வேண்டும். வியர்த்த நாளில் தீனியோடு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி உப்புச் சேர்க்கலாம். உப்புக் கலந்த தண்ணீர் வைத்தால் பக்கத்தில் வெறும் தண்ணீர் வாளியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

எங்கள் நெடுந்தீவில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழி வந்தவை இன்றும் கட்டற்று மேய்கின்றன. கோடையில் குளம் வற்றினால் அங்கே குதிரைகள் சாகின்றன. யாரும் ஏறாத, வேலை செய்யாத குதிரைக்கே அந்தக் கதி என்றால், உங்கள் பாரத்தையும் சுமக்கும் குதிரைக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

7. உங்கள் உடம்பையும் பாருங்கள்

மயங்கி விழும் சவாரிக்காரர் தனக்கும் ஆபத்து, குதிரைக்கும் ஆபத்து. ஏறுவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன் தண்ணீர் குடியுங்கள். முடித்த பிறகு செவ்விளநீர் நல்லது. ஆனால் நிறைய வியர்த்திருந்தால் அதில் சிட்டிகை உப்புப் போடுங்கள், ஏனென்றால் நாங்கள் வியர்வையில் இழக்கும் உப்பு இளநீரில் குறைவு. வெறும் வயிற்றோடு வராதீர்கள்.

வெளிர்நிற, முழுக்கை, பருத்திச் சட்டை போடுங்கள். தடித்த டெனிம் நனைந்தால் தொடையை உரசிப் புண்ணாக்கும். அங்கவடியில் கால் சிக்காதபடி குதி வைத்த சப்பாத்து வேண்டும். வியர்த்த கையில் கடிவாள வார் வழுக்கும். மெல்லிய கையுறை உதவும். ஹெல்மெட் சூடாக இருக்கிறது என்று கழற்றாதீர்கள். சூடு தாங்க முடியவில்லை என்றால் இறங்கிவிட்டுக் கழற்றுங்கள். தலையிடி, குமட்டல், கண் இருட்டல், குளிர் நடுக்கம், இதில் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

8. சேணத்தையும் குளம்பையும் ஈரத்திலிருந்து காப்பாற்றுங்கள்

கடலோரத்து ஈரம் தோலைப் பூஞ்சணம் பிடிக்க வைக்கும், கொளுக்கியைத் துருப்பிடிக்க வைக்கும், வியர்வையோடு சேர்ந்து தையல் நூலை உக்க வைக்கும். சவாரி முடிந்ததும் சேணத்தையும் வார்களையும் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். ஏறும் முன் ஒவ்வொரு முறையும் வயிற்று வாரின் தையலையும் அங்கவடி வாரையும் இழுத்துப் பாருங்கள். ஓடும்போது வார் அறுந்து விழுந்தவர்களின் எலும்பு முறிவுகளில் பல, இந்த ஒரு நிமிடச் சோதனையால் தவிர்த்திருக்கக் கூடியவை.

சேணத்தின் கீழ் விரிக்கும் துணியை ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் கழுவுங்கள். முதல்நாள் வியர்வை காய்ந்த துணி முதுகை அராவும். புண்ணான முதுகில் ஏறவே கூடாது. வைகாசியில் தென்மேற்குப் பருவமழை வந்தால் தரை சேறாகும். குளம்பின் அடியில் உள்ள மென்மையான பகுதி அழுகிக் கறுத்து நாறத் தொடங்கும். நாளாந்தம் குளம்பைத் தூக்கிக் கிண்டி, துப்புரவாக்கி, காய்ந்த தரையில் நிறுத்தினால் அது வராது.

9. கொஞ்சமாக வேலை வாங்குங்கள், குதிரை சொல்வதைக் கேளுங்கள்

பத்து நிமிடம் நடை. பிறகு இரண்டு மூன்று நிமிடம் ட்ரொட் (துள்ளுநடை), மறுபடி நடை. இப்படித் துண்டு துண்டாகச் செய்யுங்கள். பழகுநர்களுக்கு வெக்கை நாளில் கன்டர் (மெல்லிய பாய்ச்சல்) தேவையில்லை. ஆழமான மணலில் ஓடுவது இறுகிய தரையில் ஓடுவதைவிடக் கடினம். அதையும் கணக்கில் எடுங்கள். ஒரே குதிரை காலையில் எத்தனை பேரைச் சுமக்கிறது என்று கேளுங்கள். உங்களுக்கு அது முதல் அரை மணித்தியாலம்; குதிரைக்கு அது மூன்றாவது அரை மணித்தியாலமாக இருக்கலாம்.

மூக்குத் துவாரம் விரிந்து சிவப்பது, தலை தொங்குவது, கால் இடறுவது, சொன்னதற்குத் தாமதமாக அசைவது, இவை எல்லாம் குதிரையின் பேச்சு. சோம்பலான குதிரை என்று குச்சியை எடுக்கும் முன் விலாவைப் பாருங்கள், மூச்சை எண்ணுங்கள். நல்ல குதிரை தன்னால் முடியாத எல்லை வரையும் சொற்கேட்டு ஓடும். அதன் நல்ல குணத்தையே அதற்கு எதிராகப் பாவிக்காதீர்கள்.

வியர்வை நின்றுவிடுவதை எல்லாவற்றிலும் பெரிய எச்சரிக்கையாக எடுங்கள். புழுக்கமான நாடுகளில் சில குதிரைகளின் வியர்வைச் சுரப்பி வேலை செய்யாமல் போவதுண்டு. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவந்த குதிரைகளில் அந்தக் காலத்திலேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். முதலில் பிடரி மயிரின் கீழும் சேணத்தின் கீழும் மட்டும் ஈரம் இருக்கும், மற்ற இடம் காய்ந்து கிடக்கும், நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட குதிரை வியர்க்காமல் 'சுத்தமாக' இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். அதில் ஏறாமல் மிருக வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். மலைப்பக்கம் அனுப்ப முடிந்தால் பெரும்பாலும் தேறிவிடும்.

10. குளிர்விப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்

கடைசிப் பத்து நிமிடம் இறங்கி, வயிற்று வாரைத் தளர்த்தி, குதிரையைக் கையில் பிடித்து நடத்துங்கள். பிறகு நிழலுக்குக் கொண்டுபோய்ச் சேணத்தை இறக்கித் தண்ணீர் ஊற்றுங்கள். கழுத்து, நெஞ்சு, முதுகு, பின்தொடை எல்லா இடத்திலும், நிறுத்தாமல். சூடான தசையில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் பிடித்துக்கொள்ளும் என்ற பயம் உலகம் முழுக்க இருந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை முன்னிட்டு இதை ஆராய்ந்தார்கள். குளிர்ந்த தண்ணீர் தீங்கில்லை, அதுதான் மருந்து என்று தெரிந்தது. அதன் பின் போட்டித் திடல்களில் ஐஸ் தண்ணீரும் பனித்தூறல் விசிறிகளும் வழக்கமாகின. டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 2021 கோடையில் பல குதிரைப் போட்டிகளை இருட்டிய பிறகுதான் வைத்தார்கள்.

எங்கள் குழாய்த் தண்ணீர் குளிராக இருக்காது. பரவாயில்லை, குதிரையின் தோலைவிட அது குளிர்தான். ஐஸ் கிடைத்தால் வாளியில் போடுங்கள். ஈரத் துவாயைக் கழுத்தில் போர்த்தி விடாதீர்கள்; சிறிது நேரத்தில் அதுவே சூட்டை மூடிப் பிடிக்கும். மூச்சு இறங்கி, நெஞ்சுத் தோல் தொடுவதற்குக் குளிராகும்வரை ஊற்றுங்கள். லாயத்தில் விசிறி பூட்டினால் வயர் குதிரையின் வாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

11. ஏறாத நாளையும் பாடமாக்குங்கள்

சில நாள் ஏறவே கூடாது. காற்று அசையாத, வானம் மூடிய, நின்ற இடத்திலே சட்டை நனையும் நாள் அது. அன்றைக்கும் லாயத்துக்குப் போங்கள். குதிரையைத் தேய்த்து விடுங்கள், குளம்பைத் துப்புரவாக்குங்கள், வாரைக் கழுவுங்கள், நிழலில் கையில் பிடித்து நடத்துங்கள், நாடி எண்ணப் பழகுங்கள். ஏறி இருக்கும்போது தெரியாத பல விடயம் பக்கத்தில் நின்றால் தெரியவரும்.

இந்தப் பழக்கத்தைச் சுற்றுலாவுக்கும் கொண்டுபோங்கள். கடற்கரையிலோ நுவரெலியாவின் கிரகறி வாவிக் கரையிலோ குதிரைச் சவாரிக்குக் காசு கொடுக்கும் முன், அந்தக் குதிரைக்கு நிழல் இருக்கிறதா, தண்ணீர் வாளி இருக்கிறதா, முதுகில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். நிழலும் தண்ணீரும் இல்லாவிட்டால், அல்லது புண் இருந்தால், ஏறாதீர்கள். ஏன் ஏறவில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வாருங்கள். பத்துப் பேர் அப்படிச் சொன்னால் அங்கே வாளி வைப்பார்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். காசு கட்டிய வகுப்பை, இன்றைக்குப் புழுக்கம் அதிகம் என்று ஆசிரியர் நிறுத்தினால் முகம் சுளிக்காதீர்கள். பிள்ளையைச் சேர்க்க இடம் தேடும்போதே, எந்த நிலையில் வகுப்பை நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் சொல்லும் இடத்தில் உங்கள் பிள்ளையும் பத்திரம், குதிரையும் பத்திரம். பதில் இல்லாத இடத்தில் வெள்ளைக் குதிரையும் பளபளக்கும் சேணமும் இருந்தாலும் சேர்க்க வேண்டாம்.